கீழ்க்காட்டு மழை

அந்தக் கவரை இப்படி நான்காக மடிக்காதீர்கள். அவருக்கு மடித்த தாள் பிடிக்காது.

அவர் என்றால் ஊஞ்சப்பாறை எஸ்டேட் கோதண்டபாணி சார். பயப்பட வேண்டாம், நான் ஜோசியக்காரி இல்லை. கவர்மேல் இருப்பது அவருடைய கையெழுத்து. 'தி'க்கு அவர் போடுகிற கொக்கி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் இடம் இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். சித்தரேவு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தால் உங்களுக்குக் குமட்டும். எனக்குப் பழகிவிட்டது.

வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தர வரச் சொல்லியிருக்கிறாரா? சுபத்ராவுக்கா?

ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன். சுபத்ராவை மதுரையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாக என்னிடம் சொன்னார்கள். சொன்னார்கள் என்ன, அவரேதான் சொன்னார். அப்புறம் மனம் மாறியிருக்கும். அப்பாக்களுக்கு மனம் மாறும்.

என் பெயர் சுகிர்தம். நாசரேத் பக்கம். உங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவள் நான்தான். கிழக்குப் பார்த்த அறை. மேசையின் இடதுபக்க இழுப்பறை பாதிதான் திறக்கும், இழுத்துச் சண்டை போடாதீர்கள். ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை எட்டு மாதம் இருந்தேன். நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் வேலையைப் பிடுங்க நான் மலையேறவில்லை. நான் போவது நியாயத்துக்காக. ஒச்சப்பன் என்று ஒரு மேஸ்திரி. இருபது வருஷமாக அந்தத் தோட்டத்தில் இருந்தவன். செய்யாத குற்றத்துக்கு வேலை போய்விட்டது. அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. சாரை நேரில் பார்த்து உண்மையைச் சொல்லி, அந்த ஆளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவேன். அவர் இருக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

கொஞ்சம் பங்கு என்றா சொன்னேன்? முழுப் பங்கும் என்னுடையதுதான். வாத்திச்சியாக இருந்துகொண்டு பின்னத்தில் ஏமாற்றக் கூடாது.

நீங்கள் என்ன படித்தீர்கள்? கணக்கா. நல்லது. நான் பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம். அதுதான் முதல் தப்பு. நூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கில நாவல்களில் ஒரு வகை உண்டு. ஏழைப் பெண் ஒருத்தி பெரிய வீட்டுக்குப் பாடம் சொல்லித்தரப் போவாள். சுற்றிலும் மூடுபனி. வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். உர்ரென்று இருப்பார். எத்தனைக்கு எத்தனை உர்ரென்று இருக்கிறாரோ அத்தனைக்கத்தனை உள்ளே அன்பு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பூட்டிய கதவு ஒன்று இருக்கும். முந்நூறாவது பக்கத்தில் திறப்பார்கள். நான் அந்த மாதிரி முப்பது நாவலாவது படித்திருப்பேன். ஆகவே தயாராகத்தான் போனேன்.

மூடுபனி இருந்தது. அவர் உர்ரென்றுதான் இருந்தார். பங்களாவில் பதினொரு கதவு, அதில் ஒன்றுக்குப் பூட்டு. மூன்றாவது வாரம் சாவியைக் கண்டுபிடித்துத் திறந்தேன். மயில்துத்த மூட்டைகள். காப்பிச் செடிக்கு மருந்தடிக்க. சமையல்காரப் பாக்கியம் பின்னாலேயே வந்து நின்றாள். "என்ன டீச்சரம்மா, தொவையலுக்கு வேணுமா?" என்றாள்.

மனைவியா? உண்டு. நாவலில் மனைவியை மச்சில் அடைத்து வைத்திருப்பார்கள். இங்கே மதுரையில், மேலமாசி வீதிப் பக்கம், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். மலைக்குளிர் அந்த அம்மாளுக்கு மூட்டுவலியைக் கொண்டுவரும். மாசம் ஒருமுறை கம்பளிச் சால்வையும் அதிரச டின்னுமாக வருவார். எனக்கு ஒரு சுங்குடிப் புடவை கொடுத்தார். "எம் பிள்ளையக் கண்ணுபோலப் பாத்துக்கிடுறீங்க டீச்சரு, நான் நிம்மதியா இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல புடவை, நல்ல மனுஷி. எனக்கு அதுதான் எரிச்சல். கொஞ்சம் கொடுமைக்காரியாக இருந்திருக்கலாம்.

சரி, மழைக்கு வருகிறேன். மலைத்தோட்டத்தில் அதுதான் முக்கியம்.

பங்களாத் தோட்டத்தில் மழைமானி ஒன்று, அரை மைல் கீழே கீழ்க்காட்டில் ஒன்று. தகரக் குழாய், மேலே புனல், உள்ளே புட்டி. காலை எட்டு மணிக்குப் புட்டியில் இருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளக்க வேண்டும். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சென்ட் என்பார்கள். "ராத்திரி நாப்பது சென்ட்" என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு. முன்னால் அளந்துகொண்டிருந்த, தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். சுபத்ராவுக்குத் தசமபின்னம் ஏறவே இல்லை, ஒன்பது வயது. மழைமானியை வைத்து நடத்திப் பார்க்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தினம் காலையில் நானும் அவளும் கீழ்க்காட்டுக்கு இறங்கி, அளந்து, ஏறி வருவோம். பதினைந்து நாளில் அந்தப் பெண் பின்னத்தில் புலி.

எட்டே கால் மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையில் இருப்பார். தலையை நிமிர்த்தாமல் கேட்பார்.

"எவ்வளவு?"

"பங்களா பன்னிரண்டு. கீழ்க்காடு பதினேழு."

பெரிய நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கேளுங்கள், இதைச் சொன்னால் அண்ணி சிரிக்கிறாள், நீங்கள் கணக்குப் படித்தவர், உங்களுக்குப் புரியும். மேஸ்திரிகள் சொல்லும் எண்ணை, பழைய ரைட்டர் சொன்ன எண்ணை அவர் பென்சிலில்தான் எழுதுவார். அவரே போய்ச் சரிபார்த்த பிறகு மேலே மையில் எழுதுவார். இருபது வருஷ நோட்டையும் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். என் எண்ணை முதல் வாரம் பென்சிலில் எழுதினார். இரண்டாவது வாரமும் பென்சில். செப்டம்பர் மாதம் பதினோராம் தேதி பேனாவைத் திறந்தார். அன்றிலிருந்து நான் சொன்னதெல்லாம் நேராக மையில்.

ஒரு மனிதர் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன சொல்லிவிட முடியும்?

இன்னும் உண்டு. நவம்பரில் எனக்கு இரண்டாவது கம்பளி வந்தது. பாக்கியம், "எல்லா ரூமுக்கும்தான் குடுத்திருக்கு, வாட்ச்மேனுக்கும் குடுத்திருக்கு" என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள். ஒருநாள் கீழ்க்காட்டுப் பாதையில் அட்டை கடித்து என் காலில் ரத்தம். அவர் பார்த்துவிட்டு, "உப்பு வச்சு எடுங்க, பிச்சு எடுக்காதீங்க" என்றார். பிச்சு எடுக்காதீங்க. அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஜனவரியில், கிளம்பப்போன ஜீப்பை நிறுத்தி, "டீச்சர், இந்த லெட்டரக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க, உங்களுக்குத்தான் தப்புக் கண்ணுல படும்" என்று நீட்டினார். மூன்று தப்பு சொன்னேன். மூன்றையும் திருத்தினார்.

சித்தரேவு வந்துவிட்டது. இறங்கித் தண்ணீர் குடிக்கிறீர்களா? சரி, எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், மோந்துகொள்ளுங்கள்.

பிப்ரவரியோடு மழை போயிற்று. காப்பிக்கு மார்ச்சில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்பார்கள். செடியெல்லாம் மொட்டை வைத்துக்கொண்டு நிற்கும். ஓர் அங்குலம் விழுந்தால் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் மலை முழுக்க வெள்ளையாகப் பூக்கும். விழாவிட்டால் மொட்டு அப்படியே கருகும், அந்த வருஷம் காய் இல்லை. முந்தின இரண்டு வருஷமும் அப்படிக் கருகியிருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் இறைத்துத் தூவுகிற பம்பு ஒன்றுதான் இருந்தது. பங்களாவை ஒட்டிய மேல்காட்டில் தூவினால் கீழ்க்காட்டுக்கு இல்லை. கீழே கொண்டுபோனால் மேலே இல்லை. மார்ச் பிறந்ததிலிருந்து நான் போய்ச் சொன்னது ஒரே சொல்.

"எவ்வளவு?"

"இல்லை."

"எவ்வளவு?"

"இல்லை."

எண்ணிப் பாருங்கள், இருபத்திரண்டு நாள். ஒவ்வொரு "இல்லை"க்கும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அணைவதை நான்தானே பார்த்தேன். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். பாக்கியம் இட்லியை நாய்க்குப் போடுவாள். இருபத்திரண்டாம் நாள் அந்த அம்மாள் வந்திருந்தார். அவரிடம்தான் சார் சொன்னார், ஆனால் நான் அங்கே இருந்தேன். "இந்த வருசமும் போச்சுன்னா வித்துட்டு மதுரைக்கே வந்துர்றேன். முடியல." அந்த அம்மாள், "அதத்தான் நான் மூணு வருசமாச் சொல்றேன்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். அவர் மலையை விட்டு இறங்கினால் நான் எங்கே போவேன்? மதுரையில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? எனக்கு வயது முப்பத்தாறு. திரும்பிப் போனால் அண்ணன் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாய். இப்போது அங்கேதான் படுக்கிறேன், அதனால் தெரியும்.

மறுநாள் காலையில் கீழ்க்காட்டுப் புட்டியைக் கவிழ்த்தேன். குவளையின் அடியில் பனித்தண்ணீர், இரண்டு சென்ட் இருக்கும். சுபத்ரா குனிந்து பார்த்து, "புள்ளி, பூஜ்யம், ரெண்டு" என்றாள். சரியான விடை. "கெட்டிக்காரி" என்றேன்.

மேலே வந்தோம். எட்டே கால். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பேனாவைக்கூட எடுக்கவில்லை, அதைக் கவனியுங்கள், பேனா நோட்டின் மேல் மூடியோடு கிடந்தது.

"எவ்வளவு?"

"பங்களா இல்லை. கீழ்க்காடு தொண்ணூறு."

எப்படி வந்தது என்று தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. மலையில் அப்படி நடக்கும், ஒரு சரிவில் கொட்டும், அடுத்த சரிவில் தூசி பறக்கும். அதனால் நம்பும்படிதான் இருந்தது. அவர் நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "தொண்ணூறா?" என்றார். "தொண்ணூறு" என்றேன். சிரித்தார். அவருக்கு இடது பக்கத்தில் ஒரு பல் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும், அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பேனாவைத் திறந்து மையில் எழுதினார். பாக்கியத்தைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

சுபத்ரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பாட நேரத்தில், "டீச்சர், புள்ளி பூஜ்யம் ரெண்டுதானே?" என்றாள். "நீ குவளையைச் சாய்த்துப் பிடித்திருந்தாய், பிறகு நான் நேராக அளந்தேன்" என்றேன். அவள் சாய்த்துப் பிடிக்கவில்லை. தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் பின்னத்தில் கொஞ்சம் தடுமாறினாள், பிள்ளைகளுக்கு அப்படி வரும். அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். என் மாணவி.

தொண்ணூறு விழுந்த காட்டுக்குப் பம்பு எதற்கு? கீழே போக வேண்டிய பம்பை மேல்காட்டிலேயே நிறுத்திக்கொண்டார். நானும் ஒன்று நினைத்தேன். இரண்டொரு நாளில் நிஜமாகவே மழை வந்துவிடும், என் தொண்ணூறு அதில் கரைந்துபோகும் என்று. எத்தனை மேகம் வந்தது தெரியுமா? எல்லாம் கொடைக்கானலுக்குப் போயிற்று.

ஒச்சப்பன் கீழ்க்காட்டு மேஸ்திரி. அன்று மதியமே பங்களாவுக்கு வந்துவிட்டான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஐயா, கீழ மழையே விழல. மண்ணு புழுதியாக் கெடக்கு. பம்ப எறக்கணும்."

"ஒனக்கு எப்பவும் பம்பு வேணும் ஒச்சப்பா. மேல்காட்டு மேஸ்திரியும் இதத்தான் சொல்றான்."

"நான் ஒருநாளும் பொய் சொன்னதில்ல ஐயா."

"டீச்சர் அளந்திருக்காங்க. நீ அளந்தியா?"

நான் பத்தடி தள்ளிச் சுபத்ராவுக்கு இங்கிலாந்தின் நதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் அளந்திருக்காங்க. அந்த வார்த்தையைக் கேட்டபோது, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வெட்கமாக இல்லை. உள்ளே இனித்தது. இருபது வருஷத்து ஆள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் என் பக்கம்.

மறுநாளும் வந்தான். ஒரு கை மண்ணை அள்ளிவந்து படியில் கொட்டினான். "பாருங்க ஐயா. தொண்ணூறு சென்ட் விழுந்த மண்ணா இது? அந்தக் கண்ணாடி பொய் சொல்லுது, இல்லாட்டி அளந்தவங்க பொய் சொல்றாங்க" என்றான். சார் எழுந்தார். அவர் கத்துகிறவர் இல்லை. "எங்க வீட்ல இருக்கிற பொம்பளையப் பொய் சொல்றவன்னு சொன்னா, இந்தத் தோட்டத்துல ஒனக்கு எடமில்ல. போ" என்றார்.

எங்க வீட்ல இருக்கிற பொம்பளை. அப்படியே சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். அவன் படியிறங்கி நாலு எட்டு வைக்கும் வரை நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். தேம்ஸ் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டேன்.

ஒன்பதாம் நாள், பம்புத் தண்ணீரில், மேல்காடு முழுக்கப் பூத்தது. நீங்கள் பார்த்ததில்லையே, மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்த மாதிரி வாசம் வரும். கீழ்க்காட்டில் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் அவர் தனியாகக் கீழே இறங்கினார். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு கிளையைப் பிடித்து மொட்டை விரலால் தேய்த்தார். பொடியாகப் போயிருக்கும். அப்புறம் மழைமானிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நெடுநேரம் நின்றார்.

மறுநாள் எட்டே காலுக்கு நான் போனேன். நோட்டு மேசையில் இல்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே, "இல்லை" என்றேன். "சாப்பிடுங்க" என்றார். ஐந்து நாள் அப்படிப் போயிற்று. ஆறாம் நாள் சுபத்ராவை மதுரைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம் டீச்சர்" என்றார். வத்தலக்குண்டு வரைக்கும் ஜீப் கொடுத்தார். கிளம்பும்போது அவரே வந்து நின்றார். டயரில் காற்றுப் பார்க்க வந்ததாக டிரைவர் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்?

எல்லாம் அந்த அம்மாள் வேலை என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்மேல் சந்தேகம் வந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்கவில்லை. ஆகவே வரவில்லை. கண்ணாடிமேல் தப்பு, காற்றின்மேல் தப்பு என்று ஏதாவது நினைத்திருப்பார். அதனால் நானே போய்ச் சொன்னால், ஏன் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன் என்று சொன்னால், அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன கேட்பார்? ஒச்சப்பனுக்கும் வேலை கிடைக்கும். அவனுக்காகத்தான் போகிறேன். வீட்டில் சொல்லாமல் வந்துவிட்டேன். அண்ணன் தேடுவார். தேடட்டும்.

இன்னும் இரண்டு வளைவுதான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறார்? நான் கேட்கலாமா? நீங்களே வாசியுங்கள், என் மூக்குக்கண்ணாடி பைக்கு அடியில் எங்கோ இருக்கிறது.

காலை ஒன்பது முதல் பன்னிரண்டு. ஆமாம், என் நேரம்தான். நான் போட்டுக் கொடுத்த அட்டவணை அது. மாலை நான்கு முதல் ஐந்தரை. ஞாயிறு விடுமுறை. கம்பளி கொண்டுவர வேண்டியதில்லை, இங்கே தரப்படும். பார்த்தீர்களா. அப்புறம்? பின்பக்கம் ஏதோ இருக்கிறதே.

திரும்ப வாசியுங்கள். மெதுவாக.

"தோட்டத்து மழைக்கணக்கை ஒச்சப்பன் மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார். ஆசிரியை அதில் தலையிட வேண்டாம். குழந்தையையும் அதற்கு அழைத்துப் போக வேண்டாம்."

பார்த்துக்கொள்கிறார் என்றா இருக்கிறது? பார்த்துக்கொள்வார் என்று இல்லையே? நிகழ்காலம்தானா?

இருங்கள். ஒரு நிமிஷம்.

அப்படியென்றால் அவன் திரும்பி வந்துவிட்டான். எப்போதோ வந்துவிட்டான். குழந்தையையும் என்று எழுதியிருக்கிறார். சரி. சின்னப் பெண்தானே, அப்பா கேட்டால் சொல்லத்தான் செய்வாள்.

தெரிந்திருக்கிறது. ஜீப் பக்கத்தில் வந்து நின்றபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? யோசித்துப் பாருங்கள், ஒரு மனிதர் எல்லாம் தெரிந்தும் ஒரு பெண்ணை ஒன்றும் கேட்காமல் விடுகிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தானே இருக்க முடியும்? நீங்கள் தலையசைக்காதீர்கள். உங்களுக்கு இருபத்திரண்டு வயது, கணக்குப் படித்திருக்கிறீர்கள்.

வேகம் குறைகிறது. இதுதான் ஸ்டாப்பு. உங்கள் பெட்டி மேலே இருக்கிறது, நடத்துநரை எடுக்கச் சொல்லுங்கள். நான் இறங்கத்தான் போகிறேன், நீங்கள் முதலில்.

அந்த மரத்தடியில் நிற்பது யார்? குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. உங்களை அழைத்துப்போகத்தான் அனுப்பியிருப்பார்கள்.

ஒச்சப்பன்.

இப்படி நகருங்கள். இல்லை, எழுந்திருக்காதீர்கள், கொஞ்சம் முன்னால் குனிந்து உட்காருங்கள், உங்கள் தோள் மறைக்கட்டும். பஸ்ஸுக்குள் பார்க்கிறானா? எனக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது, குனிந்திருக்கிறேன். ஆமாம், அவனைப் பார்க்கத்தான் வந்தேன், அவனிடம் சொல்லத்தான் வந்தேன், சொன்னேனே. இன்றைக்கு வேண்டாம். டிக்கெட் மேலே தாண்டிக்குடி வரைக்கும் எடுத்திருக்கிறேன். அங்கே போய்த் திரும்பிவிடுவேன்.

போங்கள், கூப்பிடுகிறான். மரியாதையான ஆள், பெட்டியை அவனே தூக்கிக்கொள்வான். பக்கத்து இருக்கையில் யார் வந்தது என்று கேட்டால், யாரும் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு பொய்தானே.